ஒரே வரியில் கடனும் சம்பளமும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்று ஓர் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஜே. ஸ்டான்லி பிரவுன் என்பவர் தலைமையாசிரியராக இருந்தார். பள்ளியை முடித்த பிள்ளைகளில் பலருக்கு வெளியூர் போய்ப் படிக்க வசதியில்லை. பிரவுனுக்கு அது உறுத்தியது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஏறக்குறைய அதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். 1901இல் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைப் பள்ளியிலேயே நடத்தத் தொடங்கினார்கள். வந்து சேர்ந்தவர்கள் ஆறே பேர். அமெரிக்காவின் முதல் அரசு ஜூனியர் காலேஜ் அப்படித்தான் பிறந்தது. அந்த ஆறு பேரும் பிற்காலத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. மாணவர்களுக்கு மத்திய அரசு கடன் கொடுக்கும் வழக்கமே அன்று இல்லை. அந்த விசாரணைக்கு விதை விழ ஓர் உலகப் போர் தேவைப்பட்டது.

1944 ஜூன் 22 அன்று, போர்க்களத்திலிருந்து திரும்பப்போகும் வீரர்களுக்கான சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். படிக்க விரும்பும் வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசே கட்டும். லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையை மாற்றிய சட்டம் அது. ஆனால் அந்த 500 டாலரின் வாசனையை வேறு சிலரும் பிடித்துவிட்டார்கள். நாடெங்கும் தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளிகள் முளைத்தன. வகுப்புக்கு வராத வீரருக்கும் வருகைப் பதிவு போட்டு அரசிடம் பணம் வாங்கிய பள்ளிகள் இருந்தன. வேலையே இல்லாத தொழிலுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளும் இருந்தன. டெக்சாஸ் உறுப்பினர் ஓலின் டீக் தலைமையில் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணைக்கு இறங்கியது. டீக்கும் அந்தப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர்தான். தன் தோழர்களின் பெயரைச் சொல்லி நடந்த கொள்ளையை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கொரியப் போர் வீரர்களுக்காக 1952இல் வந்த சட்டம் பணத்தை நேரடியாக வீரர் கையில் கொடுத்தது. ஒரு படிப்பில் சேர்ந்தவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் அரசுப் பணத்தில் படிப்பவர்களாக இருக்கக் கூடாது என்றும் அது விதித்தது. சொந்தக் காசைக் கொடுத்துப் படிக்க ஒருவர்கூட வராத படிப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அந்த விதியின் தர்க்கம். நல்ல தர்க்கம்தான். ஆனாலும் படிப்பை முடித்தவனின் சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்கும் துணிவு அப்போதும் யாருக்கும் வரவில்லை. இதற்கிடையில் அதிபர் ட்ரூமன் 1946இல் அமைத்த உயர்கல்விக் குழு, ஜூனியர் காலேஜ்களுக்குச் சமுதாயக் கல்லூரி என்ற பெயரை நாடெங்கும் பரப்பியிருந்தது. ஊருக்கு ஊர் குறைந்த கட்டணத்தில் கணக்குப் பதிவும் தட்டச்சும் அலுவலக நிர்வாகமும் கற்றுக்கொடுக்கும் வாசல்கள் திறந்துகொண்டிருந்தன.

1965 வந்தது. தொழிற்பள்ளி, வணிகப் பள்ளி மாணவர்களுக்கும் கடன் கொடுக்கலாமா என்று நாடாளுமன்றம் விவாதித்தது. ஏழைப் பிள்ளை கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கட்ட முடியாமல் போனால்? அப்போது அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ஹாய்ட் சாட்சியம் சொல்ல வந்தார். தொழிற்படிப்பு முடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஆய்வு நடத்திவந்தவர் அவர். இவர்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் கடனை அடைக்க முடியும் என்ற நம்பிக்கையை அவருடைய ஆய்வு கொடுத்தது. நாடாளுமன்றக் குழுவும் அதை ஏற்றது. தொழிற்படிப்புக் கடனுக்கான சட்டம் அக்டோபரில் நிறைவேறியது. நவம்பர் 8 அன்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட அதிபர் லிண்டன் ஜான்சன் தேர்ந்தெடுத்த இடம், சான் மார்கோஸ் நகரில் அவர் படித்த அதே கல்லூரி. துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே அங்கே படித்தவர் அவர்.

பட்டம் தராத தொழிற்படிப்பு அரசுப் பணத்துக்குத் தகுதிபெற வேண்டுமானால், அது மாணவரை ஒரு தொழிலில் ஆதாயமான வேலைக்குத் தயார்செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டங்களின் வழியே ஒரு நிபந்தனை நிலைபெற்றது. கடனை அடைக்கச் சம்பளம் போதும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த நிபந்தனை அது. ஆனால் எவ்வளவு வந்தால் ஆதாயம் என்று சட்டம் சொல்லவில்லை. கல்வித் துறையும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரி சட்டப் புத்தகத்தில் அப்படியே தூங்கியது.

வரி தூங்கியதே தவிர, கடன் தூங்கவில்லை. 1980களின் முடிவில் தவணை கட்டாதவர்களின் எண்ணிக்கை அரசைப் பயமுறுத்தும் அளவுக்குப் போனது. 1990இல் தவணை தொடங்கியவர்களில் 22.4 சதவீதம் பேர் இரண்டே ஆண்டுகளுக்குள் கைவிட்டார்கள். செனட்டர் சாம் நன் தலைமையில் மறுபடியும் விசாரணை, மறுபடியும் தனியார் பயிற்சிப் பள்ளிகளின் பெயர்கள். தவணை தவறுவோர் விகிதம் வரம்பு மீறிய கல்லூரிக்கு அரசுப் பணம் கிடையாது என்ற விதி இறுகியது. அதன் அடி எதிர்பாராத இடத்தில் விழுந்தது. கடன் வாங்குவோர் சிலரே இருந்த சமுதாயக் கல்லூரிகள் பல, அந்தச் சிலரால் மற்ற எல்லா மாணவர்களின் உதவித்தொகையும் போய்விடுமோ என்று அஞ்சி, அரசுக் கடன் திட்டத்தை விட்டே விலகின. கெட்டிக்காரப் பள்ளிகளோ தவணையைத் தள்ளிப்போடும் மனுவில் மாணவரைக் கையெழுத்திட வைத்து, கணக்கெடுக்கும் காலம் முடியும்வரை காத்திருந்தன. கட்டாமல் போனவரை மட்டும் எண்ணுகிற அளவுகோலால், வயிற்றைக் கட்டித் தவணை கட்டியவரின் நிலையைப் பார்க்க முடியாது. வேறோர் அளவுகோல் வேண்டும். அதில் பொறிக்க வேண்டிய எண் யாரிடமும் இல்லை.

அந்த எண் இருந்தது, வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளிடம்.

மாத வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வீட்டுத் தவணைக்குப் போகக் கூடாது, எல்லாக் கடனையும் சேர்த்தால் இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று வங்கிகள் இரண்டு வரம்புகள் வைத்திருந்தன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ எட்டு. வீட்டைத் தவிர்த்த மற்ற கடன்களுக்கு அந்த எட்டு போதும் என்பது வங்கிக்காரர்களின் கைக்கணக்கு. அது மெல்ல நகர்ந்து வந்து, கல்விக்கடனுக்கு வருமானத்தில் எட்டு சதவீதம் என்ற வழக்காக மாறிவிட்டது. 2006இல் சாண்டி பாம், சால் ஷ்வார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காலேஜ் போர்டு அமைப்புக்காக இந்த வழக்கின் வேரைத் தோண்டினார்கள். வீட்டுக்கடனிலிருந்து மிஞ்சிய எண்ணைக் கல்விக்கடனுக்கு எல்லையாக வைக்கத் தனி நியாயம் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். அதற்கு மாற்றாக அவர்கள் சொன்ன வழியும் உண்டு. வாழ்க்கைக்கு அவசியமான தொகையை வருமானத்திலிருந்து முதலில் கழிக்க வேண்டும், மீதியில் 20 சதவீதத்துக்கு மேல் தவணை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக மிஞ்சியதைப் பார்க்கும் கணக்கு இது. என் பார்வையில் இந்த முழு வரலாற்றிலும் மனிதத்தன்மை மிகுந்த கணக்கு இதுதான். ஆனால் பின்னாளில் அரசு விதி எழுதியபோது, இந்த இருபதோடு யாரும் தேடாத எட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

2009இல் ஒபாமா அரசின் கல்வித் துறை தூங்கிக்கிடந்த வரியைத் தட்டி எழுப்பியது. இதில் முன்னின்றவர் அத்துறையில் உயர் பொறுப்பிலிருந்த ராபர்ட் ஷயர்மன். கல்விக்கடனைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் வேலை செய்து வந்தவர் அவர். ஆதாயமான வேலை என்று சட்டம் சொல்கிறது, அப்படியானால் ஆதாயத்தை அளந்து காட்டு என்பது புதிய விதியின் சாரம். லாப நோக்குக் கல்லூரிகளின் ஏறக்குறைய எல்லாப் படிப்புகளுக்கும், அரசுக் கல்லூரிகளில் பட்டம் தராத சான்றிதழ் படிப்புகளுக்கும் அது பொருந்தும். சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு கணக்குப் பதிவுச் சான்றிதழும் வலைக்குள் வந்தது. ஏறக்குறைய 90,000 கருத்துகள் கல்வித் துறைக்கு வந்து குவிந்தன. லாப நோக்குக் கல்லூரிகள் ஆட்களை அமர்த்தி வாஷிங்டனில் மும்முரமாக எதிர்ப்பு திரட்டின. அழுத்தம் தாங்காமல் எட்டு பன்னிரண்டாகவும், இருபது முப்பதாகவும் தளர்ந்தன. கூடவே, படித்தவர்களின் கடனில் 35 சதவீதமாவது அசல் குறைந்துவர வேண்டும் என்று மூன்றாவது சோதனை ஒன்றும் சேர்ந்தது.

2012 கோடையில் முதல் முடிவுகள் வந்தன. 93 கல்லூரிகளின் 193 படிப்புகள் மூன்று சோதனையிலும் தோற்றிருந்தன. அத்தனையும் லாப நோக்குக் கல்லூரிகள். விதி ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வர வேண்டும். அதற்கு முந்தைய நாள், ஜூன் 30 சனிக்கிழமை, நீதிபதி ருடால்ஃப் கான்ட்ரெராஸ் தீர்ப்பு சொன்னார்.

அளக்கும் அதிகாரம் கல்வித் துறைக்கு உண்டு என்றார் அவர். கடனையும் வருமானத்தையும் ஒப்பிடும் எண்களுக்கு நிபுணர்களின் ஆய்வு பின்னணியாக இருக்கிறது, அவை நிற்கும் என்றும் சொன்னார். விழுந்தது 35. அந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கால்வாசிப் படிப்புகள் தோற்கும்படி கோட்டைப் போட்டதைத் தவிர வேறு விளக்கம் கல்வித் துறையிடம் இல்லை. ஒன்று விழுந்ததால், அதோடு பின்னிக்கிடந்த மற்ற இரண்டும் சேர்ந்தே விழுந்தன. வீட்டுக்கடனிலிருந்து வழிதவறி வந்து பன்னிரண்டாகத் தளர்ந்த எட்டின் நியாயம் நீதிமன்றத்தில் பிழைத்தது, அரசே புதிதாக உருவாக்கிய முப்பத்தைந்து பிழைக்கவில்லை. அந்தப் பிழைப்புதான் அடுத்த முயற்சிக்கு உயிர் கொடுத்தது.

2014 அக்டோபரில் இரண்டாவது விதி வந்தது. இந்தமுறை தேறுவதற்கான கோடுகளாக எட்டும் இருபதும் கறாராகவே நின்றன. கணக்கு இப்படிப் போகும். ஒரு சான்றிதழ் படிப்பை முடித்தவர்களைக் கடன் அளவுப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கடனை எடுக்க வேண்டும். பத்து ஆண்டுத் தவணையாகப் பிரித்து ஓராண்டுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதை, முடித்தவர்களின் ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: கடன் 10,000 டாலர், வட்டி 5 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 1,270 டாலர். சம்பளம் 25,000 டாலர் என்றால் விகிதம் ஐந்து சதவீதம்தான், தப்பித்தது. அதே சம்பளத்துக்குக் கடன் 20,000 என்றால் பத்து சதவீதத்தைத் தாண்டும், ஆபத்துப் பகுதி. அலுவலக உதவியாளர் வேலையின் சம்பளம் சான்றிதழ் எங்கே வாங்கியது என்று பார்த்து ஏறுவதில்லை, கடன் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். குறைந்த கட்டணம் வாங்கும் சமுதாயக் கல்லூரிகள் இந்தக் கணக்கில் ஏன் எளிதாகத் தேறின என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தேறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கடன் வாங்காமல் அரசு உதவித்தொகையில் மட்டும் படித்தவரையும் விதி வரிசையில் நிறுத்தியது, கடன் பூஜ்யம் என்று. அப்படிப்பட்டவர்கள் பாதிக்கு மேல் இருந்துவிட்டால் நடுவில் நிற்பவரின் கடனே பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தை எந்தச் சம்பளத்தால் வகுத்தாலும் பூஜ்யம். சம்பளம் எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் படிப்பு தேறிவிடும். அந்த ஓட்டை வழியே பின்னாளில் வேறொரு கேள்வி நுழைந்தது.

2017 ஜனவரி 9 அன்று இரண்டாவது விதியின் முதல் முடிவுகள் வெளியாயின. தோற்றவை 800க்கும் மேல். அவற்றில் 98 சதவீதம் லாப நோக்குக் கல்லூரிகள். மீதிச் சொச்சத்தில் ஒரு பெயரைப் பார்த்து நாடே திகைத்தது: ஹார்வர்டு. அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நாடகப் பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் படிப்பு அது. கடன் சுமார் 78,000 டாலர், சம்பளம் சுமார் 36,000 டாலர். மூன்று ஆண்டுகளுக்கு மாணவர் சேர்க்கையை நிலையம் நிறுத்திவைத்தது. ஊர் பேர் தெரியாத சமுதாயக் கல்லூரியின் வணிகச் சான்றிதழ்கள் தேறிய அதே கணக்கில் ஹார்வர்டின் சான்றிதழ் சறுக்கியது. பெயரைப் பார்க்காமல் அளக்கும் கோல் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைந்தவர்கள் பலர். அவர்களுடைய நிம்மதிக்கு ஆயுள் குறைவு.

அதே மாதம் ஆட்சி மாறியது. சம்பளக் கணக்கைத் தந்துவந்த சமூகப் பாதுகாப்புத் துறையோடு இருந்த ஒப்பந்தம் 2018இல் காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. 2019 ஜூலையில் கல்விச் செயலர் பெட்ஸி டிவோஸ் விதியையே ரத்து செய்தார். பத்து ஆண்டு உழைப்பும் முடிந்தது போலத்தான் தெரிந்தது.

ஆனால் இதற்கெல்லாம் பக்கத்தில் இன்னொரு பாதை ஓடிக்கொண்டிருந்தது. 2013 பிப்ரவரியில் ஒபாமா அரசு கல்லூரிகளுக்காக ஓர் இணையப் பலகையைத் தொடங்கியது. கட்டணம், கடன், படிப்பை முடிப்போர் விகிதம் எல்லாம் இருந்தன. வேலை, சம்பளம் என்ற கட்டம் மட்டும் எண் இல்லாமல் கிடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லாக் கல்லூரிகளுக்கும் தரவரிசை போடுவோம் என்று ஒபாமா அறிவித்தார். கல்லூரித் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு பின்வாங்கியது. தரம் சொல்ல மாட்டோம், எண்ணை மட்டும் காட்டுகிறோம் என்ற சமரசத்தில் முடிந்தது. ஒரு விதத்தில் அது தோல்வி. அந்தத் தோல்வியில்தான் பெரிய பூட்டு திறந்தது.

மாணவர் ஒவ்வொருவரையும் பின்தொடரும் தேசியப் பதிவேடு கூடாது என்று 2008இன் சட்டம் தடுத்திருந்தது. ஆனால் அரசுக் கடனோ உதவித்தொகையோ பெற்றவர்களின் பதிவு கல்வித் துறையிடம் ஏற்கெனவே இருந்தது. அவர்களுடைய சம்பளம் வரித் துறையிடம் இருந்தது. இரண்டையும் கருவூலத்துக்குள்ளேயே வைத்துப் பொருத்தி, தனி மனிதர் எவரும் தெரியாதபடி நடு எண்ணை மட்டும் வெளியே எடுத்தார்கள். 2015 செப்டம்பர் 12 அன்று சம்பளக் கட்டம் நிறைந்தது. இருந்தாலும் குறை தீரவில்லை. கல்லூரி முழுவதற்கும் ஒரே எண். செவிலியர் படிப்பு முடித்தவரின் சம்பளமும் வணிகச் சான்றிதழ் வாங்கியவரின் சம்பளமும் ஒரே பானையில் கலந்து கிடந்தன.

அந்தக் கலவை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று கென்டக்கி மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2014இலேயே காட்டியிருந்தது. ஜெப்சன், டிராஸ்கி, கூம்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அங்குள்ள சமுதாயக் கல்லூரி மாணவர்களின் சம்பளப் பதிவுகளைப் படிப்புவாரியாகப் பிரித்தார்கள். இரண்டாண்டுப் பட்டம் பெற்ற பெண்களுக்குக் காலாண்டுக்கு ஏறக்குறைய 2,400 டாலர் கூடியது, ஆண்களுக்குச் சுமார் 1,500. குறுகிய காலச் சான்றிதழ் பெற்றவர்களுக்கோ சுமார் 300 டாலர்தான். கடன் வாங்கிப் படிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அந்த இடைவெளி தவணை கட்டுவதா, வாடகை கட்டுவதா என்கிற அளவு பெரியது. கல்லூரியைப் பார்த்துப் பயனில்லை, படிப்பைப் பார்க்க வேண்டும் என்பது அதோடு தெளிவானது.

விதியை ரத்து செய்த அதே 2019இல், நவம்பர் மாதம், அதே அரசுதான் படிப்புவாரிச் சம்பளத்தை வெளியிட்டது. காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அந்த அரசு இணையப் பலகையில் இன்று ஒரு சமுதாயக் கல்லூரியின் பெயரைத் தட்டினால் படிப்புகள் வரிசையாக வருகின்றன. 52 என்று தொடங்கும் குறியீடு வணிகக் குடும்பத்துக்கு: 52.02 நிர்வாகம், 52.03 கணக்கியல், 52.04 அலுவலக உதவிப் பணிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரியில் இரண்டு எண்கள், முடித்தவர்களின் சம்பளமும் அவர்கள் வாங்கிய கடனும். ஹாய்ட் ஒரு நம்பிக்கையாகச் சொன்னது 54 ஆண்டுகள் கழித்து அளக்கக்கூடிய எண்ணாக வந்து நின்றது.

அந்த எண்களைப் படிப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. விதியின் கணக்கில் கடனே வாங்காதவரும் வரிசையில் நின்றார். தளத்தின் கணக்கில் கடன் வாங்கியவர்கள் மட்டுமே நிற்கிறார்கள். ஆகவே ஒரே சான்றிதழுக்கு விதிப்படி கடன் பூஜ்யமாகவும், திரையில் பல ஆயிரம் டாலராகவும் இருக்க முடியும். இரண்டும் உண்மையே. சொந்தச் சேமிப்பில் படித்து, அரசிடம் எதுவும் வாங்காதவர் எந்தக் கணக்கிலும் இல்லை, அவருடைய சம்பளமும் இல்லை. முடித்தவர்கள் மிகச் சிலரே என்றால் அடையாளம் தெரிந்துவிடும் என்று கட்டத்தை வெறுமையாக விடுகிறார்கள். சிறிய ஊரின் சமுதாயக் கல்லூரியில், கணக்கியல் சான்றிதழுக்கு எதிரே பல நேரம் இருப்பது அந்த வெறுமைதான். எண் மிகவும் தேவைப்படுபவருக்கு எண் கிடைக்காமல் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பூஜ்யக் கடன் என்ற ஓட்டையை அடைக்க 2023 அக்டோபரில் பைடன் அரசு மூன்றாவது விதியைக் கொண்டுவந்தது. எட்டும் இருபதும் திரும்பின. கூடவே ஒரு புதிய சோதனை: படிப்பை முடித்தவரின் சம்பளம், அதே மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதுக்காரரின் சம்பளத்தை மிஞ்ச வேண்டும். கடனே இல்லாமல் படித்தாலும், செலவிட்ட ஓராண்டுக்குப் பதில் உண்டா என்று கேட்ட முதல் விதி இது. சமுதாயக் கல்லூரிச் சான்றிதழ்களும் இங்கே நடுங்க வேண்டியிருந்தது.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரவுசெலவுச் சட்டம் சம்பளச் சோதனையை முதன்முறையாகச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் அதில் அகப்பட்டன. எந்தப் படிப்புகளால் இந்தக் கேள்வியே பிறந்ததோ, அந்த இளநிலைச் சான்றிதழ் படிப்புகளைச் சட்டத்தின் அந்தப் பிரிவு சேர்க்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் அவற்றில் மிகக் குறுகியவை வேறு வடிவில் வந்து நிற்கின்றன. 2026 ஜூலை 1 முதல் எட்டு வாரம் முதல் பதினைந்து வாரத்துக்குள் முடியும் தொழிற்பயிற்சிகளுக்கும் அரசின் பெல் உதவித்தொகை உண்டு, கடன் அல்ல. அதற்கு நிபந்தனையாக மாணவரில் 70 சதவீதம் பேர் படிப்பை முடிக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும். முடித்தவரின் சம்பளத்திலிருந்து வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழித்து, மிஞ்சும் தொகைக்கு மேல் கல்லூரி கட்டணம் வாங்கக் கூடாது. பாமும் ஷ்வார்ட்ஸும் 2006இல் சொன்ன, வாழ்க்கைச் செலவை முதலில் கழிக்கும் அதே யோசனை, இந்தமுறை மாணவரின் தவணைக்கு எல்லையாக வராமல் கல்லூரியின் கட்டணத்துக்கு எல்லையாக வந்திருக்கிறது.